மடியில் பிள்ளை, சரிவில் கார்

ஐந்து கடக்கா, மூன்று கடக்கா? மணையில் உட்கார்ந்து கால் மணி நேரமாகியும் சென்னியப்பனுக்கு அது மட்டும் பிடிபடவில்லை. தலையில் உருமால் கட்டியாயிற்று, கழுத்தில் மாலை விழுந்தாயிற்று, தங்கச்சி கோகிலவாணியின் மூன்று வயது மகள் மகிழினி புது மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டு மடியில் வந்து உட்கார்ந்தாயிற்று. காது குத்துகிற ஆசாரி அடுத்த பந்தலில் வேறு யார் வீட்டுப் பிள்ளைக்கோ குத்திக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு இங்கே வரவேண்டியதுதான் பாக்கி. தாய்மாமன் என்று மணையேறியவன் இந்த நேரத்தில் என்ன நினைக்கவேண்டும்? பிள்ளைக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்ளப்பா கருப்பராயா என்று நினைக்கவேண்டும். இந்த மகராசன் காரின் ஹேண்ட்பிரேக்கை நினைத்துக்கொண்டிருந்தான். கோயிலுக்குக் கீழே கரட்டுச் சரிவில், மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது அவனுடைய வெள்ளைக் கார். நிறுத்தினான், சரி. ஹேண்ட்பிரேக்கை இழுத்தான், அதுவும் சரி. இழுக்கும்போது பல் பல்லாக விழுகிற சத்தத்தை எண்ணுவது அவன் வழக்கம். ஐந்து கடக் விழுந்தால் வண்டி நிற்கும், மூன்றோடு விட்டால் நிற்கிற மாதிரி நடிக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். இன்றைக்கும் எண்ணினான். கடக், கடக், கடக். மூன்றாவதில் பக்கத்துச் சீட்டிலிருந்து பொண்டாட்டி கலாமணி, "ஏனுங்க, சீர்த்தட்டுல கொலுசு வெச்சமுங்களா?" என்றாள். "வெச்சாச்சு" என்றான். அந்த வெச்சாச்சுக்கு அப்புறம் நாலாவது விழுந்ததா? விழுந்திருக்கும். கை பாட்டுக்கு அது வேலையைச் செய்திருக்கும். செய்யாமல் கொலுசை நினைத்துக்கொண்டு நின்றுபோயும் இருக்கும். கையை யார் நம்புவது? கையைக் கேட்டால் சொல்லவா போகிறது?

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தேங்காய்க்கடை மாரப்பன் என்று ஒருத்தன் வந்து கண்ணாடியைத் தட்டினான். கோயிலில் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு அவன்தான் ராசா. "அண்ணா, ஹேண்ட்பிரேக்கு போடாதீங்ணா. கியர்லயும் உடாதீங்ணா. உங்களுக்கு மேல மூணு வண்டி நிக்குது. ஆராச்சும் போறதுன்னா நாலு பேரு புடிச்சு உங்க வண்டியக் கீழ எறக்கி உடோணும். நியூட்ரல்ல வெச்சுட்டுப் போங்ணா, சக்கரத்துக்கு நான் கல்லுக் குடுத்துக்கறேன்." சென்னியப்பன் சரிவை மேலும் கீழுமாகப் பார்த்தான். சரிவில், கியர் இல்லாமல், பிரேக் இல்லாமல், ஒரு கல்லை நம்பி! டிரைவிங் ஸ்கூல் சபாபதி மாஸ்டர் கேட்டால் செருப்பைக் கழற்றுவார். ஆனால் ஊரே அப்படித்தான் நிறுத்தியிருந்தது, கல்லுக்கு மேல் கல்லாக. மறுத்துப் பேச வாய் வராத ஜென்மம் இவன். சரிங்க என்று சொல்லி ஹேண்ட்பிரேக்கை இறக்கினான். மாரப்பன் கல்லை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் போனான். போகிற வழியில் ஒரு அம்மா தேங்காய் உடைக்கச் சொன்னதும், அந்தக் கல்லிலேயே உடைத்துக் கொடுத்தான். அப்புறம் கல் சக்கரத்துக்குப் போனதா, கடைக்கே திரும்பிவிட்டதா, இவன் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் மறுபடியும் உள்ளே கையை விட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். இழுத்தானா? இழுக்கவேண்டும் என்று நினைத்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. போட்டான், எடுத்தான், போட்டான். இல்லை, போட்டான், எடுத்தான், போட நினைத்தான். சத்தம் கேட்டதா என்றால் அதிலும் ஒரு வில்லங்கம். "பட்டனை அமுக்கிட்டு இழு சாமி, பல்லுத் தேயாது" என்பார் சபாபதி மாஸ்டர். பட்டனை அமுக்கினால் கடக் கேட்காது. ஆக, கேட்கவில்லை என்பதால் போடவில்லை என்று ஆகாது. சிவப்பு லைட் எரிந்ததே என்றால், அந்த எழவு பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும், ஒரு மாதமாகப் பகலும் ராத்திரியும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கலாமணி கதவைச் சாத்தினாள், இவன் பூட்டினான், சாவியை வேட்டி மடிப்பில் சொருகினான். நாதஸ்வரக்காரர் ஊத ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, குத்துது" என்றாள் மகிழினி. காதைத்தான் குத்திவிட்டார்களோ என்று பதறிப்போய்ப் பார்த்தான். ஆசாரி இன்னும் அடுத்த பந்தலில்தான் இருந்தார். சாவிதான் குத்துகிறது. பிள்ளை சாவி மேல் உட்கார்ந்திருக்கிறது. "இரு கண்ணு" என்று அவளைத் தூக்கி இந்தத் தொடைக்கு மாற்றினான். மாற்றினதில் அவனுக்கே பார்வை மாறிவிட்டது. ஏனென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்து காரின் இடது ஹெட்லைட் மட்டும்தான் தெரியும், மாரப்பன் கடையில் தொங்குகிற வாழைத்தாரை ஒட்டி. லைட்டும் தாரின் அடிப்பழமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறவரைக்கும் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். இப்போது பழம் லைட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது! வண்டி நகர்ந்ததா, இவன் நகர்ந்ததா? கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்து நேர்கோட்டைத் தேடினான். "ஏண்ணா, கழுத்துப் புடிச்சிருக்குதா?" என்றாள் கோகிலவாணி. "இல்லீம்மிணி" என்றான். அதற்குள் ஒரு புண்ணியவான் வந்து தாரிலிருந்து ஒரு சீப்பை வெட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். போச்சு, அடையாளமும் போச்சு. மனுசனுக்கு இப்படியா சோதனை வரும்? சரி, உருண்டே போகட்டும், கீழே என்ன இருக்கிறது, பொட்டலும் பாறையும்தானே, போய் எங்கேயாவது முட்டி நிற்கட்டும் என்று பார்வையை இறக்கினான். காருக்கு நேர் கீழே, இருபதடி தள்ளி, வேப்பமர நிழலில், சிவப்பு பிளாஸ்டிக் சேரில், முதுகைக் காருக்குக் காட்டிக்கொண்டு, கையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார் அர்த்தநாரி மாமா. அதே சேர். அதே முதுகு. டம்ளர் மட்டும் வேறு.

அர்த்தநாரி மாமா என்றால் கோகிலவாணியின் மாமனார், மாப்பிள்ளை லோகநாதனைப் பெற்ற அப்பா. ஆறு வருசத்துக்கு முன்னால் லோகநாதன் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். சென்னியப்பன் சிநேகிதன் ஒருத்தனின் காரை இரவல் வாங்கிக்கொண்டு, குத்துவிளக்கும் பட்டுமாகச் சீர் கொண்டுபோனான். வாசலில் லேசான ஏற்றம். விளக்கைத் தூக்குகிற அவசரத்தில் ஹேண்ட்பிரேக் என்று ஒன்று உண்டு என்பதே நினைவில்லை. கார் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், ஹாரன் அடிக்காமல், பூனை மாதிரி பின்னால் இறங்கிப் போய், மரத்தடியில் சேர் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரின் சேரை மெல்லத் தொட்டு, அப்படியே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அவரோ வெயில் ஏறிவிட்டதென்று யாரோ மரியாதைக்காரர் தன்னை நிழலுக்கு நகர்த்துவதாக நினைத்து, "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க, நானே எந்திரிச்சுக்கறனுங்க" என்று சொல்லியபடியே மாட்டுத் தண்ணித்தொட்டி வரைக்கும் சவாரி போனார். காப்பி ஒரு சொட்டுச் சிந்தவில்லை. திரும்பிப் பார்த்தால் நம்பர் பிளேட். அவர் ஒரு வாரத்தில் அதைக் கதையாக்கி எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மகன்தான் சிரிக்கவில்லை. கூடியிருந்த அத்தனை சனத்துக்கு முன்னால் தன் அப்பாவை வண்டியேற்றப் பார்த்தவன் இவன் என்று லோகநாதன் மனதில் விழுந்தது விழுந்ததுதான். அன்றைக்கு வாயை மூடினவர் ஆறு வருசமாகச் சென்னியப்பனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "கோகிலா, உங்கண்ணனுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். இவனும், "வேண்டான்னு சொல்லம்மிணி" என்பான். நடுவில் பாவம் கோகிலவாணி டெலிபோன் கம்பி மாதிரி நிற்பாள்.

அன்றிலிருந்துதான் இந்த வியாதி. வீட்டு வாசலில் நிறுத்தினாலும் மூன்று தரம் போய்ப் பார்ப்பான். கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டி அமுங்குகிறதா என்று பார்ப்பான், இறங்கி பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்ப்பான். "நம்ம வாசல் சோத்துத்தட்டாட்டம் கெடக்குது, அது எங்கீங்க உருண்டு போகும், சமுத்திரத்துக்கா?" என்று கலாமணி தலையில் அடித்துக்கொள்வாள். நூல்மில்லில் சூப்பர்வைசர் வேலை, அங்கே சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கல் வைக்கிற ஒரே ஆள் இவன்தான். இப்படி ஊரெல்லாம் பார்த்துப் பார்த்து நிறுத்தினவன், பார்க்கவேண்டிய ஒரே நாளில் கொலுசில் கோட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் போனில் கோகிலவாணி அழுத அழுகை காதிலேயே நிற்கிறது. "அண்ணா, அவரு திருமூர்த்தி அண்ணன மடியில வெச்சுக்கச் சொல்லலாம்ங்கறாரு. நான் ஒத்துக்கல. கூடப் பொறந்தவன் நீ இருக்கறப்ப இன்னொருத்தரு எதுக்கு? நீதான் உக்காரோணும். இந்த ஒரு நாளு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கண்ணா. இதுலயாச்சும் அவரு மனசு மாறுனா எனக்குப் போதும்." திருமூர்த்தி இவர்களுக்குப் பெரியப்பா மகன். அவனுக்கும் இந்தப் பிள்ளை மருமகள் முறைதான். இதோ, மணைக்கு இரண்டடி தள்ளிப் பட்டுவேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, அவசரத்துக்கு வந்த மாற்று ஆள் போல நிற்கிறான். உட்கார்ந்த மாமன் காது குத்தி முடிகிறவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் மடி மாறிவிடும். வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவன் எழுந்தால் அடுத்த நிமிசம் பிள்ளை திருமூர்த்தி மடியில். எழாமல் உட்கார்ந்திருந்து வண்டி இறங்கினால் மாமா தண்ணித்தொட்டியில். இல்லை, இந்தத் தடவை தொட்டிகூட இல்லை, கீழே பாறைதான். கலாமணியை அனுப்பலாமா? அவளுக்கு எது ஹேண்ட்பிரேக், எது கியர் என்று தெரியாது, இருக்கிறதையும் எடுத்துவிட்டு வந்துவிடுவாள். யாரிடமாவது சாவியைக் கொடுத்துப் பார்த்துவரச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? ஹேண்ட்பிரேக்கு போட்டேனான்னு ஞாபகமில்லை என்றா? அந்த வார்த்தை இந்தக் குடும்பத்தில், இந்தப் பந்தலில், இவன் வாயிலிருந்து வரலாமா?

ஆசாரி வந்தேவிட்டார். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தங்கக் கம்பியை எடுத்து மஞ்சளில் தொட்டார். "மாமன்காரரே, தலைய ஆட்டாமப் புடிச்சுக்குங்க" என்றார். சென்னியப்பன் பிள்ளையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். மகிழினி அவன் கட்டைவிரலை இறுக்கிக்கொண்டாள். மொட்டைத்தலை சூடாக, சந்தன வாசத்தோடு அவன் தாடையில் இடித்தது. ஐயோ சாமி, இந்தப் பிள்ளைக்காவது வலிக்காமல் இருக்கட்டும் என்று முதன்முதலாக அவனுக்குத் தோன்றியது. தோன்றின அதே நொடியில் கண் கீழே போயிற்று. காரைச் சுற்றிக் கூட்டம். முன்னால் இரண்டு பேர் பானெட்டில் கை வைத்திருக்கிறார்கள், பின்னால் இரண்டு பேர் குனிந்து தோள் கொடுத்திருக்கிறார்கள், மாரப்பன் கையை ஆட்டிக் கத்துகிறான். நாதஸ்வரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் நிற்கிற சிவப்புத் துண்டு மாப்பிள்ளை லோகநாதன்! உருண்டுவிட்டது. உருள்கிற வண்டியை நாலு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கைவிட்டால் தீர்ந்தது. அர்த்தநாரி மாமாவோ கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மறைந்துபோய்விட்டார், ஒரு சேர்க்கால் மட்டும் தெரிகிறது, அதுவும் நிழலா சேர்க்காலா என்று தெரியவில்லை. "சென்னி, என்றா உன்ற வண்டியச் சுத்திக் கூட்டம்? நீ வேணும்னாப் போய்ப் பாரு, புள்ளைய நான் வாங்கிக்கறேன்" என்று திருமூர்த்தி இரண்டு கையையும் நீட்டினான். கால் எழப்பார்த்தது. நிஜமாகவே முட்டி ஒரு விரற்கடை எழும்பிற்று. கட்டைவிரலைப் பிடித்திருந்த பிடி இன்னும் இறுகியது. எழமாட்டேன் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. கார் போகட்டும், மானம் போகட்டும், இந்தப் பிள்ளை விரலை விடாமல் நான் விடமாட்டேன். ஆனால் மாமா? மாமாவைக் காப்பாற்ற எழவேண்டியதில்லை, வாய் இருக்கிறதே. உயிரைத் திரட்டிக்கொண்டு, பந்தல் கிழியக் கத்தினான்: "அர்த்தநாரி மாமா! எந்திரிங்க! எந்திரிச்சு அக்கட்டால போங்க!"

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் இவனைப் பார்த்தார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவரை, விசேசத்துக்கு வந்த இடத்தில், எழுந்து போ என்கிறானே! கீழே கூட்டம் விலகிற்று. சேரில் பெரியவர் பத்திரமாக இருந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், யாரோ ஆசீர்வாதம் கேட்கிறார்கள் என்று நினைத்து டம்ளரை இடது கைக்கு மாற்றி, வலது கையை உயர்த்திக் காட்டினார். கார் நின்ற இடத்திலேயே நின்றது. மகிழினி மாமன் போட்ட சத்தத்தில் வாயைப் பிளந்தவள் அப்படியே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானுங்க, ரெண்டு காதும் ஆச்சு" என்றார் ஆசாரி. பிள்ளை அழவே இல்லை. "முப்பது வருசமாக் குத்தறனுங்க, இப்படியொரு மாமனப் பாத்ததில்லீங்க. கம்பி ஏறுறதே தெரியாமப் பராக்குக் காட்டிப்போட்டாரு பாருங்க!" என்று அவர் சொல்ல, பெண்டுகள் குலவையிட்டார்கள், திருமூர்த்தி நீட்டின கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். சென்னியப்பனுக்கு வேர்வை உருமாலைத் தாண்டி மூக்கில் இறங்கியது.

அப்போது சரிவில் ஏறி வந்தார் லோகநாதன். மூச்சு வாங்கியது, கையெல்லாம் புழுதி. நேராக மணைக்கு எதிரில் வந்து நின்றார். கோகிலவாணி, வழக்கம் போல வார்த்தையை வாங்கிக் கொடுக்க, நடுவில் வந்து நின்றாள். அவர் அவளைத் தாண்டிப் பார்த்தார். "மச்சான்" என்றார். ஆறு வருசம் கழித்து அந்த வார்த்தை வந்து விழுந்ததில் சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "சொல்லுங்க மாப்ள" என்றான். "அந்த ஹேண்ட்பிரேக்கக் கொஞ்சம் எடுத்து உடறீங்களா? எலைக்கட்டு ஊட்டுலயே மறந்து கெடக்குது, பந்தி போடோணும். என்ற வண்டி உங்க வண்டிக்கு மேல மாட்டியிருக்குது. நாலு பேரு தள்ளிப் பாத்தோம், ஒரு இஞ்சு அசையல. என்னத்தப் போட்டு இழுத்தீங்க?"

கீழே போய்க் கதவைத் திறந்து எண்ணிப் பார்த்தால் ஐந்தும் இல்லை, மூன்றும் இல்லை. லீவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது, எட்டோ ஒன்பதோ இருக்கும். பயத்தில் இரண்டாவது தரம் இழுத்த கை பாக்கி வைக்காமல் இழுத்திருக்கிறது. பட்டன் அமுங்கவில்லை. லோகநாதன் இந்தப் பக்கம் கதவைத் திறந்து உட்கார்ந்து, இவன் கை மேல் தன் கையை வைத்தார். "மேல இழுத்துட்டு அமுக்குங்க மச்சான். ஒண்ணு, ரெண்டு, ம்ம்." லொடக்கென்று விட்டது. வண்டி இரண்டடி இறங்கி, சென்னியப்பன் கால் பிரேக்கில் நின்றது. பின்னாலிருந்து அர்த்தநாரி மாமா சேரிலிருந்து திரும்பாமலே, "ஏஞ்சாமி சென்னி, இந்தத் தடவ வாறதுன்னா சொல்லிப்போட்டு வா" என்றார். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அடக்கப் பார்த்து முடியாமல், டேஷ்போர்டில் கையை அடித்து அடித்துச் சிரித்தார். அவர் சிரிக்கவும் இவனுக்கும் வந்துவிட்டது. சிரிப்புக்கு நடுவில் மெக்கானிக் சொன்ன ஐந்து கடக் கணக்கையும் அவரிடம் சொல்லிவிட்டான்.

இலை வந்து, கிடாய்க்கறியும் ரசமுமாகப் பந்தி களை கட்டியபோது லோகநாதன் கேட்காமலே பக்கத்து இலையில் உட்கார்ந்தார். மகிழினி காதில் புதுக் கம்மலோடு, மாமன் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டு ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். "மச்சான், ரசம்?" என்றார் மாப்பிள்ளை. "ஊத்துங்க மாப்ள" என்றான். கம்பி இல்லாமல் பேச்சு நடந்தது. ரசத்தைப் பிசைந்து முதல் வாய் எடுக்கப்போனவர் பாதியில் நிறுத்தினார். "மச்சான், நான் போனதுக்கப்பறம் வண்டியக் கீழ நிறுத்துனீங்களே. மறுபடியும் ஹேண்ட்பிரேக்கு போட்டீங்களா?" சென்னியப்பன் யோசித்தான். நிறுத்தினான், சரி. சிரித்துக்கொண்டே இறங்கினான். சாவி மடிப்பில் இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? கைக்குத்தான் தெரியும், கை ரசத்தில் இருந்தது. சரிவைப் பார்த்தான், பந்தியைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான். "தெரியலீங்க மாப்ள" என்றான். எழப்பார்த்தான், மடியில் பிள்ளை. லோகநாதன் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "நீங்க உக்காந்து சாப்புடுங்க மச்சான். சாவியக் குடுங்க, நான் பாத்துட்டு வாறேன்." பாதிச் சோற்றில் எழுந்து, கையை உதறிக்கொண்டு, சரிவில் இறங்கிப் போனார். சென்னியப்பன் வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். கார்க்கதவு திறந்தது, கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் மாப்பிள்ளை வெளியே வந்து, பந்தியைப் பார்த்து வலது கையை உயரத் தூக்கினார். ஐந்து விரலும் விரிந்திருந்தது. டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து மகிழினியும் எலும்பும் கையுமாகத் திருப்பிக் காட்டினாள். சென்னியப்பன் எண்ணிப் பார்த்துவிட்டு, சோற்றை விழுங்கினான்.